சாயாவுக்கு அண்டிப்பருப்பு, பிரதமனுக்குத் தேங்காய்: வீட்டிலேயே தாவரப் பால்

அம்மாவுக்கு அறுபது தாண்டிய பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போயிற்று. காலையில் ஒரு சாயா குடித்தால் பத்து மணிக்குள் வயிறு உப்பிக்கொள்ளும், உள்ளே கடமுடா என்று சத்தம், அப்புறம் அன்றைக்கு முழுக்க ஒரே அவஸ்தை. டாக்டரிடம் போனபோது, பாலில் இருக்கிற லாக்டோஸ் என்ற சர்க்கரையைச் செரிக்கும் நொதி வயதாக ஆகப் பலருக்கும் குறைந்துபோகும், இரண்டு வாரம் பாலை நிறுத்திப் பாருங்கள் என்றார். நிறுத்தினோம், வயிறு அடங்கிவிட்டது. அம்மாதான் அடங்கவில்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மார்த்தாண்டம் பக்கம் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் போய் இனிமேல் பால் விடாத கட்டன் சாயா மட்டும்தான் என்று சொல்லிப் பாருங்கள், தெரியும்.

முதலில் கடையில் பெட்டியில் வருகிற பாதாம் பாலை வாங்கி வந்து சாயா போட்டுக் கொடுத்தேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தாள். “மக்கா, மாட்டுக்கு வைக்கிய காடியை எனக்கு எதுக்கு தாற?” என்று ஒரு கேள்வி. பெட்டியைத் திருப்பிப் படித்தால் அவள் சொன்னது ஒன்றும் தப்பில்லை, பாதாம் பெயருக்குக் கொஞ்சம், மிச்சமெல்லாம் தண்ணீர், சர்க்கரை, கெட்டியாகத் தெரிவதற்கு என்னவோ ஒன்று.

அதற்குப் பிறகு வீட்டிலேயே எடுத்து எடுத்துப் பார்த்ததில் எனக்குப் பிடிபட்ட ஒரே விஷயம், எல்லாவற்றுக்கும் ஆகிற தாவரப் பால் என்று ஒன்று கிடையவே கிடையாது. பசும்பால் ஒன்றை வைத்துக்கொண்டு சாயா, தயிர், பாயசம் எல்லாவற்றையும் ஓட்டிவிடலாம், இங்கே அது நடக்காது. தேங்காய்ப்பாலுக்கு ஒரு வேலை, அண்டிப்பருப்பு, அதாவது முந்திரிப்பருப்புப் பாலுக்கு ஒரு வேலை, நிலக்கடலைப் பாலுக்கு வேறு வேலை. ஆளை மாற்றி வேலை கொடுத்தால் திரியும், கஞ்சியாகும், எண்ணெய் மிதக்கும், பிறகு இந்தப் பாலெல்லாம் சரிப்படாது என்று விட்டுவிடுவோம். அதனால் என்ன செய்யப் போகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டு அப்புறம் ஊற வையுங்கள்.

சாமான் பெரிதாக ஒன்றும் வேண்டாம். ஒரு மிக்சி, ஒரு அகலப் பாத்திரம், ஒரு தோர்த்து, அதாவது மெல்லிய துண்டு. இதற்கென்றே வலைப்பை விற்கிறார்கள், நானும் ஒன்று வாங்கினேன், நாலாவது தடவை தையல் விட்டுப்போயிற்று. மெல்லிய பருத்தித் தோர்த்துதான் கடைசிவரைக்கும் நிற்கிறது. புதுத் தோர்த்தில் கஞ்சிப்பசை இருக்கும், வெந்நீரில் இரண்டு தடவை அலசிக் காய வைத்துவிட்டு எடுங்கள். இதற்கென்று ஒன்றைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், மற்ற துணிகளோடு வாஷிங் மெஷினில் போடாதீர்கள். நான் போட்டேன். அன்றைக்குப் பிழிந்த ஒன்றரை லிட்டர் பாலிலும் சோப்புப் பவுடர் வாசனை, ஏலக்காய் போட்டும் போகவில்லை, அப்படியே வாழை மூட்டுக்கு ஊற்றினேன்.

தேங்காயிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இது நமக்குத் தெரிந்த பால். கல்யாண வீட்டில் அடைப்பிரதமன், பலாப்பழத்தில் வைக்கிற சக்கைப் பிரதமன் மாதிரியான தேங்காய்ப்பால் பாயசங்களுக்குப் பால் பிழிவதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் நான் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை, ஆனால் வெளியூரில் வேலை பார்க்கிற பிள்ளைகள் பலருக்கும் இது மறந்துபோயிருக்கிறது. நன்றாக விளைந்த, குலுக்கினால் தண்ணீர் சத்தம் கேட்கிற தேங்காய் வேண்டும். இளசு என்றால் பால் தண்ணியாக வரும், தண்ணீர் வற்றிக் கொப்பரையாகப் போனது என்றால் எண்ணெய் வாசனை தூக்கும். திருவும்போது ஓட்டோடு ஒட்டிய கறுத்த தோல் வராமல் நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பால் பழுப்பாகிவிடும். ஒரு தேங்காய்த் துருவலுக்கு அரை டம்ளர் வெந்நீர், கை பொறுக்கிற சூடு போதும். பச்சைத் தண்ணீரில் அரைத்தால் கொழுப்பு துருவலிலேயே தங்கிவிடும், பிழிந்து பிழிந்து கைதான் வலிக்கும். மிக்சியில் விட்டு விட்டு நாலு தடவை ஓட்டி, தோர்த்தில் கொட்டி முறுக்கிப் பிழிந்தால் தலைப்பால். அதே துருவலில் ஒன்றரை டம்ளர் வெந்நீர் விட்டு மறுபடியும் அரைத்துப் பிழிந்தால் இரண்டாம் பால். இன்னும் ஒரு டம்ளர் விட்டால் மூன்றாம் பால், அதில் பெரிதாக ஒன்றும் இருக்காது என்றாலும் பிரதமனில் அடை (அரிசிமாவுத் துண்டுகள்) வேவதற்கு அதுதான் நல்லது.

பிரதமன் வைக்கிறவர்கள் மூன்றாம் பாலை முதலில் விட்டு, இரண்டாம் பாலைப் பிறகு விட்டு, தலைப்பாலைக் கடைசியில் அடுப்பை அணைத்த பின்பு விடுவதற்குக் காரணம் இருக்கிறது. தேங்காய்ப்பாலில் கொழுப்பு சின்னச்சின்னத் துளிகளாக நிற்பது அதில் இருக்கிற கொஞ்சம் புரதத்தின் தயவில். தளதளவென்று கொதிக்கவிட்டால் அந்தப் புரதம் கட்டிப்போய், கொழுப்பு பிரிந்து மேலே மிதக்கும். தலைப்பாலில் கொழுப்பு அதிகம், அதனால் கூத்தும் அதிகம். இதையே வேண்டுமென்று கடைசிவரை காய்ச்சினால் குழந்தைகளுக்குத் தேய்க்கிற உருக்கெண்ணெய், வேண்டாமல் நடந்தால் கெட்டுப்போன குழம்பு.

இந்தக் காரணத்தால்தான் தேங்காய்ப்பால் சாயாவுக்கு ஆகாது. நான் மூன்று விதமாகப் போட்டுப் பார்த்தேன், மூன்றிலும் மேலே எண்ணெய்க் கண் மிதந்தது, தேயிலை வாசனையைத் தேங்காய் வாசனை தின்றுவிட்டது. சும்மா குடிப்பதற்கு இரண்டாம் பால் அருமை. கருப்பட்டியைக் கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, மணல் போக வடிகட்டி, ஆறவிட்டுச் சேருங்கள். அதோடு இரண்டு மட்டிப்பழத்தைப் போட்டு ஒரு அடி அடித்தால் காலைச் சாப்பாடு முடிந்தது. 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய நம் மாவட்டத்து வாழைப்பழம் அது, வெளியூர்க்காரர்களுக்கு அதன் மணத்தைச் சொல்லிப் புரியவைக்க முடியாது, ஏலக்காய்கூடத் தேவைப்படாது. தலைப்பாலை மட்டும் டம்ளரில் ஊற்றிக் குடிக்காதீர்கள், அது கறிக்கும் பாயசத்துக்கும் உள்ளது, கொழுப்பு ஏராளம்.

ஃபிரிட்ஜில் வைத்த தேங்காய்ப்பால் மறுநாள் மேலே வெள்ளைக் கட்டியும் கீழே கலங்கல் தண்ணீருமாக நிற்கும். கெட்டுப்போயிற்று என்று ஒரு தடவை கொட்டிவிட்டேன், அது கெடவில்லை. தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரிக்குக் கீழே உறைகிற சாதி. பாத்திரத்தோடு இளஞ்சூட்டு வெந்நீரில் பத்து நிமிடம் வைத்துக் கலக்கினால் பழையபடி ஆகிவிடும்.

பிழிந்த துருவலைப் பற்றி ஒரு வார்த்தை. மற்ற ஊரில் இதைச் சக்கை என்பார்கள், நம்மிடம் சக்கை என்றால் பலா, அதனால் நான் அந்தச் சொல்லைத் தொடவில்லை. இதில் ருசி பாதி போயிருக்கும், ஆகவே துவரனுக்கோ புட்டுக்கோ முழுவதும் இதையே போட்டால் மரத்தூள் தின்கிற மாதிரி இருக்கும். பாதிக்குப் பாதி புதுத் துருவலோடு கலந்தால் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இப்போது சாயா. இதற்கு அண்டிப்பருப்புதான், வேறு எதையும் நான் சொல்லமாட்டேன். நம் மாவட்டத்தில் அண்டி ஆபீஸ், அதாவது முந்திரித் தொழிற்சாலை, இருக்கிற ஊர் எத்தனை, அங்கே வேலைக்குப் போகிற ஒருவராவது இல்லாத தெரு எத்தனை என்று யோசித்துப் பாருங்கள். முழுப்பருப்பு வாங்காதீர்கள், அரைக்கப் போகிற பொருளுக்கு அழகு எதற்கு? உடைசலும் நொறுக்கும் விலை குறைவு, ருசியில் வித்தியாசம் இல்லை. வாங்கும்போது ஒன்றிரண்டை வாயில் போட்டுப் பாருங்கள், பழைய எண்ணெய்க் காறல் இருந்தால் வேண்டாம், அந்தக் காறல் பாலிலும் வரும். வறுத்து உப்புப் போட்டதும் வேண்டாம்.

வீட்டுக் கொல்லாமரத்தில் (முந்திரி மரத்தில்) கிடைத்த அண்டியை உடைத்துப் பச்சையாக எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கூடாது. ஓட்டுக்குள் இருக்கிற கறுத்த எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். சின்ன வயதில் சருகைக் கூட்டி அண்டி சுட்டுத் தின்று வாயோரம் பொள்ளிப்போன ஆட்களுக்கு இதை விளக்க வேண்டாம். கடையில் பச்சை என்று விற்கும் பருப்புக்கூட அவித்தோ வறுத்தோ ஓடு உடைத்ததுதான், அதனால் பயமில்லை.

100 கிராம் பருப்பு, அதாவது கைக்கு மூன்று பிடி. கொதித்து இறக்கிய தண்ணீரில் அரை மணி நேரம் ஊற வைத்தால் போதும், நேரமிருந்தால் பச்சைத் தண்ணீரில் நாலு மணி நேரம். இரவு முழுக்க ஊறவேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வையுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளியே வைத்தால் காலையில் தண்ணீர் வழவழத்துப் புளிப்பு வாசனை வந்துவிடும். ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, பருப்பு முங்குகிற அளவுக்கு மட்டும் புதுத் தண்ணீர் விட்டு முதலில் சந்தனம் மாதிரி அரைக்க வேண்டும். இங்கேதான் எல்லோரும் அவசரப்படுகிறார்கள். மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே ஊற்றினால் பருப்பு பிளேடுக்கு அகப்படாமல் சுற்றிக்கொண்டே இருக்கும், அரைபடாது, நறநறவென்று நிற்கும். விழுதை இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்துப் பார்த்து, மணல் தட்டுப்படாமல் வழுக்கினால் மிச்சத் தண்ணீரை விட்டு இன்னொரு அடி. மொத்தம் 400 மில்லி தண்ணீர் போதும். இப்படி அரைத்தால் வடிகட்டவே வேண்டாம், பருப்பு முழுவதும் பாலில்தான் இருக்கும், வீணாகப் போக ஒன்றும் இல்லை. மிக்சி சின்னதாக இருந்தால் மட்டும் தோர்த்தில் ஒரு தடவை வடித்துக்கொள்ளுங்கள்.

அண்டிப்பருப்பில் மாவுச்சத்து இருப்பதால் இந்தப் பால் காய்ச்சக் காய்ச்சக் கெட்டியாகிக்கொண்டே போகும். சாயாவுக்குக் கெட்டித்தன்மை வருவது அதனால்தான், மறந்து அடுப்பில் விட்டால் கூழாவதும் அதனால்தான்.

சாயா போடுகிற முறையையும் சொல்லிவிடுகிறேன், அம்மா ஒத்துக்கொண்டது இதைத்தான். ஒரு டம்ளர் தண்ணீரில் இஞ்சியைத் தட்டிப் போட்டு முதலிலேயே நன்றாகக் கொதிக்கவிடுங்கள், இஞ்சியில் புரதத்தைத் திரியவைக்கிற நொதி ஒன்று உண்டு, கொதியில் அது செத்துவிடும். பிறகு தேயிலை, சர்க்கரை. பசும்பால் சாயாவுக்குப் போடுவதைவிடத் தேயிலை கொஞ்சம் குறைவாக இருக்கட்டும், இந்தப் பால் கடுப்பை அவ்வளவாக மறைக்காது. இன்னொரு பக்கம் அரை டம்ளர் பாலை, கையை வைத்தால் சுடுகிற அளவுக்குச் சூடாக்குங்கள். தேயிலைத் தண்ணீரை வடித்து இறக்கி, பாலை டம்ளரில் முதலில் ஊற்றி, அதன் மேல் தேயிலைத் தண்ணீரை மெதுவாக விட்டு, இரண்டு தடவை வீசி ஆற்றுங்கள். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பாலை நேராகக் கொதிக்கிற தேயிலையில் ஊற்றினால் பொடிப்பொடியாகத் திரிந்து நிற்கும். பால் கெட்டதால் வருவதில்லை இது, சூடும் தேயிலையின் புளிப்பும் ஒரே நேரத்தில் தாக்குவதால் வருவது. காப்பிக்குப் புளிப்பு இன்னும் அதிகம், அதற்குப் பாலில் ஒரு சிட்டிகை சமையல் சோடா, நிஜமாகவே சிட்டிகை, போட்டுக் கலக்கிக்கொண்டால் திரியாது. நிறம் நம் டீக்கடைச் சாயா மாதிரி வராது, கொஞ்சம் மங்கலாக இருக்கும், கண்ணை மூடிக்கொண்டு குடித்தால் வித்தியாசம் குறைவு.

நிலக்கடலைப் பால் ஏழைக்கு ஏற்றது, புரதமும் அதிகம், வாசனைதான் சிக்கல். எட்டு மணி நேரம் ஊறவைத்து, கசக்கித் தோலை நீக்கி, புதுத் தண்ணீரில் பத்து நிமிடம் வேகவைத்து, அந்தத் தண்ணீரையும் கொட்டிவிட்டு அரைத்தால் பச்சை வாசனை பெரும்பாலும் போய்விடும். ஒரு டம்ளர் கடலைக்கு நாலு டம்ளர் தண்ணீர். பிழிந்த பாலை மறுபடியும் ஒரு கொதி விட்டு இறக்குங்கள், அடி பிடிக்கும், பக்கத்தை விட்டு நகராதீர்கள். சாயாவில் ஊற்றினால் கடலை மிட்டாயைச் சாயாவில் முக்கின மாதிரி இருக்கும், ஆகவே வேண்டாம். சுக்கும் கருப்பட்டியும் போட்டுச் சூடாகக் குடிக்க நன்று, தயிருக்கு இன்னும் நன்று, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

சோயா செய்ய ஆசைப்பட்டால் ஒன்றே ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: பச்சையாகக் குடிக்கவே கூடாது. செரிமானத்தைத் தடுக்கிற பொருள் ஒன்று பயறில் உண்டு, அது போக அரைத்துப் பிழிந்த பாலைக் குறைந்தது பதினைந்து நிமிடம் கொதிக்கவிட வேண்டும். கொதி வருவதற்கு முன்னாலேயே நுரை பொங்கி மேலே வந்து ஏமாற்றும், அதைப் பார்த்து அடுப்பை அணைக்காதீர்கள். ஊறின பயறைப் பச்சைத் தண்ணீரில் அரைத்தால் அந்த மொச்சை வாடை வரும், கொதிக்கிற தண்ணீரை விட்டு அரைத்தால் வாடைக்குக் காரணமான நொதி சூட்டில் அடங்கிப்போகும், வாடையும் குறையும். சூடான தண்ணீருக்கு மிக்சி மூடியை இறுக்கி அடைக்காமல், துணியைப் போட்டுப் பிடித்துக்கொள்ளுங்கள். புரதத்தில் பசும்பாலுக்குப் பக்கத்தில் வருவது என்பதால் சொன்னேன், எங்கள் வீட்டில் இரண்டு தடவையோடு நின்றுபோயிற்று.

ஓட்ஸ் பால் என்று ஊரே பேசுகிறது. அரை டம்ளர் ஓட்ஸ், மூன்று டம்ளர் ஐஸ் தண்ணீர், முப்பது வினாடி, அவ்வளவுதான், பிழியாமல் தானாக வடியவிடுங்கள். நேரம் கூடினாலும், பிழிந்தாலும், சூடாக்கினாலும் வழவழவென்று ஆகிவிடும். கடைப் பாலில் நொதி சேர்த்து மாவுச்சத்தை உடைத்துவிடுகிறார்கள், அதனால் அது சாயாவுக்கு ஈடுகொடுக்கிறது, வீட்டில் எடுத்ததைச் சாயாவில் காய்ச்சினால் ஓட்ஸ் கஞ்சிச் சாயாதான். கஞ்சி குடிக்க நமக்கு வேறு நல்ல அரிசி இருக்கிறது.

கேழ்வரகுப் பாலை இந்த வரிசையில் சேர்ப்பதா என்று யோசித்தேன், சேர்க்கலாம். ஊறவைத்து அரைத்துத் துணியில் பிழிந்து, தெளிய வைத்து, மேல் தண்ணீரைக் கொட்டிவிட்டு அடியில் நிற்கிற வெள்ளைப் பாலைக் காய்ச்சுவது பல வீடுகளில் குழந்தைக்குச் செய்வதுதானே. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, பிழிந்த பாலில் அதில் ஒரு பங்குதான் வரும், ஆகவே பெரியவர்கள் மாவாகவே சாப்பிடுவது லாபம்.

சத்துப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் எடுக்கிற இந்தப் பால்களில் சுண்ணாம்புச் சத்து குறைவு, பி12 கிடையவே கிடையாது, சோயாவையும் கடலையையும் விட்டால் புரதமும் சொற்பம். பெயரில் பால் இருக்கிறது என்பதற்காக ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பாலுக்குப் பதிலாகக் கொடுத்துவிடாதீர்கள். கடலை, அண்டிப்பருப்பு அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் மிக்சி ஜாரைத் தனியாக வையுங்கள். பெயர் என்றதும் ஞாபகம் வருகிறது, 2021-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் தாவரப் பானங்களில் பால் என்று பெயர் போட்டு விற்கக்கூடாது என்று கெடுபிடி செய்தது. கம்பெனிக்காரர்கள் லேபிளில் என்ன எழுதுவார்களோ, நாம் தேங்காய்ப்பாலைத் தேங்காய்ப் பானம் என்று சொல்லப் போவதில்லை.

வைத்திருக்கும் காலம்: தேங்காய்ப்பால் வெளியே மூன்று மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், ஃபிரிட்ஜில் ஒரு நாள், மிஞ்சினால் ஒன்றரை. அண்டிப்பருப்புப் பாலும் காய்ச்சிய கடலைப் பாலும் மூன்று நாள் தாங்கும், கரண்ட் போகாமல் இருந்தால். மீதியை ஐஸ் தட்டில் ஊற்றி உறையவைத்தால் சாயாவுக்கு இரண்டு கட்டி என்று கணக்காக எடுக்கலாம்.

தயிர் பாக்கி. லாக்டோஸ்தான் பிரச்சினை என்றால் சாதாரணத் தயிர் பலருக்கும் ஒத்துக்கொள்ளும், உறையும்போது அந்தச் சர்க்கரையில் ஒரு பங்கை நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன, அம்மாவுக்கே ஒத்துக்கொள்கிறது. பால் பொருளே வேண்டாம் என்பவர்களுக்குத்தான் கடலைத் தயிர். கொதித்த கடலைப் பாலை விரல் பொறுக்கிற சூட்டுக்கு ஆறவிட்டு, அதில் காம்போடு கிள்ளிய பச்சை மிளகாய்த் தலை ஐந்தாறைப் போட்டு, முங்கும்படி அமுக்கி, மூடி, அடுப்படியில் கதகதப்பான இடத்தில் எட்டிலிருந்து பத்து மணி நேரம் வையுங்கள். முதல் தடவை தளர்வாக, கொஞ்சம் மிளகாய் நெடியோடுதான் இருக்கும், மனம் விடாதீர்கள். அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து மறுநாள் புதுப் பாலுக்கு உறை ஊற்றினால் இரண்டாவது தடவை கெட்டியாக நிற்கும். மிளகாய்க் காம்பை எண்ணிப் போடுங்கள், எண்ணி எடுங்கள். எங்கள் வீட்டில் ஆறு போட்டு ஐந்து எடுத்த அன்றைக்கு, ஆறாவது அம்மாவின் மோர்ச்சோற்றில் இருந்தது.